முருங்கைக் கீரையா, சிவப்பு மாத்திரையா, டிரிப்ஸா?

"ரத்தம் கம்மியா இருக்கும்மா" என்று ஐந்தாம் மாதச் செக்கப்பில் சொன்னார்கள். ஹீமோகுளோபின் 9.1. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அம்மா முருங்கைக் கீரைக்கு ஆள் அனுப்பிவிட்டார், மாமியார் பேரீச்சம்பழ டப்பாவைத் திறந்து வைத்துவிட்டார், பக்கத்து வீட்டு அக்கா தினம் ஒரு மாதுளை சாப்பிடு என்றார். எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் நர்ஸ் அக்கா கையில் கொடுத்த சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையை ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை. நானும் இரண்டே நாளில் குமட்டுகிறது என்று அதைப் பீரோவுக்குள் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் பார்த்தபோது 8.8. கீரை, பழம் எல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டும் இப்படி ஆனதே என்று அழுதேன். அதனால்தான் கீரை போன்ற உணவு, மாத்திரை, டிரிப்ஸ் என்ற மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதுகிறேன்.

முதலில் அளவு தெரிந்தால்தான் எது போதும், எது போதாது என்று புரியும். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 10 முதல் 10.9 வரை லேசானது, 7 முதல் 9.9 வரை மிதமானது, 7-க்கும் கீழே என்றால் கடுமையானது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது, அதாவது இருவரில் ஒருவருக்கு. பத்து மாதமும் சேர்த்துக் கூடுதலாகத் தேவைப்படும் இரும்பு சுமார் 1000 மில்லிகிராம். குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் ஒரு பங்கு, நம் உடம்பில் புதிதாக ஊறும் ரத்தத்துக்குப் பெரும்பங்கு, பிரசவத்தில் இழப்பது கொஞ்சம்.

சரி, கீரைக்கு வருவோம். 100 கிராம் முருங்கைக் கீரையில் சுமார் 4.5 மி.கி. இரும்பு இருக்கிறது. அரசு கொடுக்கும் ஒரு சிவப்பு மாத்திரையில் இருப்பது 60 மி.கி. அந்தக் கணக்குக்குக் கீரை சாப்பிட வேண்டுமென்றால் ஆய்ந்து உருவிய இலையே ஒன்றேகால் கிலோவுக்கு மேல் வேண்டும், அதை ஒரு நாளில் யாராலும் சாப்பிட முடியாது. அதோடு கீரை, பருப்பு, தானியத்தில் உள்ள இரும்பு உடம்பில் சேருவது மிகக் குறைவு, பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே நல்ல விஷயம். மாதுளையின் நிலைமை இன்னும் மோசம்: 100 கிராமுக்கு 0.3 மி.கி.தான். பீட்ரூட்டில் 0.8. நிறம் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்பிவிட்டோம். பேரீச்சம்பழத்தின் அளவு ரகத்தைப் பொறுத்து மாறும், நாலு பழத்தில் பெரிய மாற்றம் வராது.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. இறைச்சியில் உள்ள இரும்பு கீரையில் உள்ளதைவிடப் பல மடங்கு நன்றாகச் சேரும். ஆட்டுச் சுவரொட்டியில் இரும்பு மிக அதிகம் என்பது உண்மைதான், பெரியவர்கள் அதைத் தேடி வாங்கிவரச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். ஈரல் மட்டும் வேண்டாம், முக்கியமாக முதல் மூன்று மாதம். அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கிறது, அது கருவுக்கு நல்லதில்லை.

இதைப் படித்துவிட்டுக் கீரையை நிறுத்திவிடாதீர்கள். அதில் ஃபோலேட், கால்சியம், நார்ச்சத்து எல்லாம் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுவதால் வரும் மலச்சிக்கலுக்கும் அது உதவும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மி.கி.க்கு மேல் கால்சியம் உண்டு, அதை எந்த மாத்திரைக்காகவும் விட வேண்டியதில்லை. ஏற்கெனவே குறைந்துபோன ரத்தத்தை ஏற்றும் வேலையைத்தான் கீரையிடம் ஒப்படைக்கக் கூடாது என்கிறேன்.

ஃபோலேட்டின் மாத்திரை வடிவமான ஃபோலிக் அமிலத்தில் உணவா, மாத்திரையா என்ற போட்டியே கிடையாது, ஏனென்றால் அங்கே நேரம் இல்லை. கரு உருவான 28 நாளுக்குள் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக் குழாய் மூடிவிடும், நாள் தள்ளிப்போனது நமக்குத் தெரிவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். அதனால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினம் 400 மைக்ரோகிராம் தொடங்கிவிட வேண்டும். இந்தச் சத்தின் கதை நம் நாட்டில்தான் தொடங்கியது என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்து, ஜவுளி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளுக்கு ஏன் இத்தனை மோசமான ரத்தசோகை என்று தேடினார். ஈஸ்ட் சாறு கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள். அதிலிருந்த பொருள்தான் ஃபோலேட் என்பது பிறகு தெரிந்தது.

மாத்திரைகளுக்குள்ளும் ஒப்பிட வேண்டியது இருக்கிறது. அரசின் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு, நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். ரத்தசோகை இருந்தால் இரண்டாக்குவார்கள். தனியாரில் எழுதித் தருவது பெரும்பாலும் ஃபெரஸ் ஆஸ்கார்பேட், 100 மி.கி. இரும்பு உள்ளது, சிலருக்கு இது வயிற்றுக்குக் கொஞ்சம் ஒத்துப்போகிறது, விலை அதிகம். அட்டையைப் பார்க்கும்போது எலிமெண்டல் அயர்ன், அதாவது அதில் உள்ள இரும்பு மட்டும் எவ்வளவு என்று பாருங்கள், மேலே பெரிதாகப் போட்டிருக்கும் எண் இரும்பு சேர்ந்த உப்பின் மொத்த எடையாக இருக்கலாம். மாத்திரையை விழுங்கவே முடியாதவர்களுக்கு டானிக் சரி, ஆனால் ஒரு ஸ்பூனில் எவ்வளவு என்பது ஒவ்வொரு பாட்டிலுக்கும் மாறும், பல்லிலும் கறை பிடிக்கும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வரும் டானிக்கை அலமாரியில் வைத்துவிட்டு நெய்யையும் பேரீச்சம்பழத்தையும் மட்டும் காலி செய்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

எந்த மாத்திரை என்பதைவிட எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறோம். டீ, காபி குடித்த கையோடு போட்டால் உள்ளே சேருவது பாதிக்கும் கீழே போய்விடும், முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது விடுங்கள். கால்சியம் மாத்திரையோடும் பாலோடும் சேர்த்துப் போடவே கூடாது. நான் அந்தத் தப்பையும் செய்தேன், இரண்டையும் ஒரே கையில் வைத்துப் பாலில் விழுங்கினேன். கால்சியத்தைச் சாப்பாட்டோடு போட்டுவிட்டு, இரும்பை இரண்டு மணி நேரம் தள்ளி எலுமிச்சைச் சாற்றோடோ ஒரு நெல்லிக்காயோடோ போடலாம். குமட்டல் தாங்கவில்லையா, படுக்கப் போகும் முன் கொஞ்சம் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள், சேருவது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, பீரோவுக்குள் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் நன்றாகச் சேரும் என்று சிலர் சொல்வார்கள். 2017-இல் வந்த சூரிக் ஆய்வு கர்ப்பமாக இல்லாத பெண்களிடம் செய்தது, அதை வைத்து நீங்களாகவே நாளைக் குறைக்காதீர்கள்.

ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டும் ஹீமோகுளோபின் 1 புள்ளி கூட ஏறவில்லையென்றால் டாக்டரிடம் விடாமல் கேளுங்கள். வைட்டமின் பி12 குறைவாக இருக்கலாம், பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறான தலசீமியாவின் கூறு இருக்கலாம், குடற்புழு இருக்கலாம். எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவு இல்லை.

அப்புறம் டிரிப்ஸ், அதாவது இரும்பு மருந்தை ரத்தக் குழாய் வழியாக நேராக ஏற்றுவது. "ஒரு ஊசியில ஏத்திடலாம், எதுக்கு மாத்திரை" என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகம். அயர்ன் சுக்ரோஸ் என்ற மருந்து என்றால் பல தடவை போய் வர வேண்டும், ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்றால் ஒரே தடவையில் 1000 மி.கி. வரை பதினைந்து நிமிடத்தில் ஏற்ற முடியும். மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், எட்டாம் மாதத்துக்கு அப்புறம்தான் குறைவு தெரிய வந்தவர்களுக்கும் இது பெரிய வரம். ஆனால் முதல் மூன்று மாதம் போடக் கூடாது, அபூர்வமாக ஒவ்வாமை வரலாம் என்பதால் அதைச் சமாளிக்க வசதி உள்ள இடத்தில்தான் போட வேண்டும். போட்ட மறுநாளே ரத்தம் ஏறிவிடாது, உடம்பு அதை ரத்தமாக்க வாரக்கணக்கில் ஆகும். 7-க்குக் கீழே இறங்கிப் பிரசவ நாளும் நெருங்கிவிட்டால் டிரிப்ஸுக்கும் நேரம் இருக்காது, ரத்தமே ஏற்ற வேண்டி வரும்.

எனக்கு மாத்திரையே போதுமானதாக இருந்தது, ஒன்பதாம் மாதம் 10.6 வந்தது. பிரசவம் ஆனதும் நிறுத்திவிடுவது அடுத்த தப்பு. அதற்கப்புறமும் 180 நாள் போட வேண்டும். பத்தியம் என்று பல வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குக் கீரையைக்கூடத் தருவதில்லை, அந்த நேரத்தில் மாத்திரையும் இல்லையென்றால் இழந்த ரத்தம் எங்கிருந்து வரும்? குழந்தையின் வைட்டமின் டி சொட்டு மருந்துக்குப் பக்கத்திலேயே என் சிவப்பு அட்டையையும் வைத்துவிட்டேன். அதை எடுக்கும்போது இதுவும் கையில் பட்டுவிடும்.