ஜேக்கப்ஸ் என்ஜின் பட்டறை: அன்றாடம் ஓடும் செவ்ரோலெட் எஸ்எஸ் காருக்கு வேகமான ஸ்மால் பிளாக்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் தெற்கே ஜேக்கப்ஸ் தொழிற்பகுதியில் தந்தையும் மகனும் சேர்ந்து நடத்தும் இந்த என்ஜின் பட்டறையை, பழைய வி8 (எட்டு சிலிண்டர்) கார் வைத்திருக்கும் எவருக்கும் நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். அந்தக் காரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்காமல், வேலைக்கும் கடைக்கும் கோயிலுக்கும் ஓட்டிச் செல்பவராக இருந்தால் இவர்களுடைய வேலையின் அருமை இன்னும் நன்றாகப் புரியும். அதிகபட்சக் குதிரைத்திறன் எவ்வளவு வேண்டும் என்று இவர்கள் கேட்பதில்லை. கார் எந்தச் சாலையில், எந்தப் பெட்ரோலில், நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் ஓடப்போகிறது என்றுதான் கேட்கிறார்கள்.

என்னுடைய கார் அப்பா விட்டுச்சென்ற செவ்ரோலெட் எஸ்எஸ். ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் மொனாரோ உடலுக்கு செவ்ரோலெட் பெயரைச் சூட்டி, 1970களின் தொடக்கத்தில் போர்ட் எலிசபெத் ஆலையில் (இன்றைய கெபெர்ஹா) ஜெனரல் மோட்டார்ஸ் பூட்டி விற்ற வண்டி அது. 308 கன அங்குல ஹோல்டன் வி8, 350 கன அங்குல செவ்ரோலெட் வி8 என இரண்டு என்ஜின்களில் அது கிடைத்தது. எங்கள் வீட்டு வண்டியில் இருப்பது 350. செவ்ரோலெட்டின் ஸ்மால் பிளாக் (சிறிய உடல் கொண்ட வி8) குடும்பம் 1955இல் 265 கன அங்குலத்தில் பிறந்தது. 350 அளவு 1967இல் கமாரோ காரில் முதலில் வந்தது. உலகில் இத்தனை உதிரிபாகங்கள் கிடைக்கும் வி8 வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே. அதனாலேயே இந்த என்ஜினைத் தவறாகக் கட்டுவதும் எளிது. எல்லாப் பாகமும் எல்லாப் பாகத்தோடும் பூட்டிவிடலாம் போலத் தோன்றும். உண்மையில் அப்படி இல்லை.

“தம்பி, இந்த வண்டி தினமும் எந்தப் பக்கம் போகிறது?” என்பதுதான் பெரியவர் கேட்ட முதல் கேள்வி. சாட்ஸ்வொர்த்திலிருந்து நகரத்துக்கு, காலையும் மாலையும் நெரிசலில். மாதத்தில் சில முறை என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை. பின் அச்சின் விகிதத்தையும் டயரின் விட்டத்தையும் கேட்டு அங்கேயே கணக்குப் போட்டார். 3.36 விகிதத்தில், நான்காவது கியரில், சட்டம் அனுமதிக்கும் 120 கிலோமீட்டர் வேகத்தில் என்ஜின் ஏறக்குறைய 3,300 சுற்றில் ஓடும். ஆகவே இந்த வண்டிக்கு இழுவிசை தேவைப்படுவது 1,800 முதல் 4,500 சுற்று வரையிலான பகுதியில்தான். 6,500 சுற்றில் பிறக்கும் திறனை இந்தச் சாலைகளில் ஒருநாளும் பயன்படுத்த முடியாது என்பதை அந்தத் தாளிலேயே காட்டினார்.

பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தை (ஸ்ட்ரோக்) நீட்டும் கிராங்க் தண்டைப் போட்டு 383 கன அங்குலமாக்கலாமா என்று கேட்டேன். ஆக்கலாம், அதில் பிழை ஒன்றுமில்லை என்றார். ஆனால் 3.48 அங்குல ஸ்ட்ரோக் 3.75 அங்குலமாகும்போது கனெக்டிங் ராடுகள் உரசாதபடி பிளாக்கின் அடிப்பகுதியைச் சில இடங்களில் அரைக்க வேண்டும். புதிய கிராங்கை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். நம் நாணயமான ரேண்டின் இன்றைய மதிப்பில் அந்தப் பணத்தைச் சிலிண்டர் ஹெட், புகைக்குழாய், ரேடியேட்டர் ஆகிய மூன்றிலும் செலவிட்டால் அன்றாட ஓட்டத்தில் கிடைக்கும் பலன் கூடுதல் என்பது அவர் கருத்து. பெரிய வேலையைத் தட்டிக்கழித்துச் சிறிய வேலையைப் பரிந்துரைக்கும் பட்டறைகள் அதிகம் இல்லை.

அடுத்ததாக அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. காரோடு வந்த பிளாக்கைத் தொடாமல், எண்ணெய் பூசி, உறையிட்டுப் பத்திரப்படுத்தச் சொன்னார். காரின் ஆவண எண்ணோடு பொருந்தும் அசல் என்ஜின் இந்த வண்டியின் மதிப்பில் பெரும்பகுதி. அதைக் குடைந்தால் திரும்ப வராது. மாற்றாக அவர் கண்டுபிடித்துத் தந்தது ஒரு படகு என்ஜின். மெர்க்ரூசர் 5.7 லிட்டர் படகு என்ஜின் அடிப்படையில் இதே செவ்ரோலெட் 350தான். கடலில் ஓடிய படகாக இருந்தால் உப்புநீர் பிளாக்கின் உட்புறத்தை அரித்திருக்கும்; இதுவோ ஹோவிக் அருகே மிட்மார் அணையின் நன்னீரில் ஓடியது. இருந்தும் அவர்கள் நம்பிக்கையின்மேல் விடவில்லை. ஒவ்வொரு சிலிண்டர் சுவரின் தடிமனையும் மீயொலிக் கருவியால் அளந்து, தாளில் எழுதிக் கொடுத்த பிறகே குடைந்தார்கள். படகு என்ஜின் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இரட்டை என்ஜின் பொருத்திய பழைய படகுகள் சிலவற்றில் ஒரு என்ஜின் எதிர்த்திசையில் சுழலும். அதைக் காரில் அப்படியே பூட்ட முடியாது.

பட்டறை வேலையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இவர்கள் பணம் வாங்குவது இதற்காகத்தான். சிலிண்டர்களை 4.030 அங்குலத்துக்குக் குடைந்தார்கள். கொள்ளளவு 355 கன அங்குலமாகிறது. ஹோனிங் (துவாரத்தின் உட்சுவரை நுணுக்கமாகத் தேய்ப்பது) செய்யும்போது, சிலிண்டர் ஹெட்டுக்குப் பதிலாகத் தடித்த இரும்புப் பலகை ஒன்றை அதே போல்ட்டுகளால் அதே அளவு முறுக்கிப் பூட்டிவிட்டுத்தான் ஹோன் செய்கிறார்கள். ஹெட்டைப் பூட்டியதும் சிலிண்டர் துவாரம் சற்றே உருமாறும். அந்த உருமாற்றத்தை முன்கூட்டியே உண்டாக்கி வட்டமாக்கினால்தான் பிஸ்டன் வளையங்கள் முழுச் சுற்றிலும் படியும். இந்தப் பலகையைப் பயன்படுத்தாத இடங்கள் இன்னும் உள்ளன, கேட்டுவிட்டுச் சேருங்கள். கிராங்கைச் சமநிலைப்படுத்தும் முன், அதன் பின்முனையில் சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலையும் கொண்டுவரச் சொன்னார்கள். 1986 முதல் வந்த பிளாக்குகளில் பின்புற எண்ணெய் சீல் ஒரே துண்டாக மாறியபோது, கிராங்கின் பின்முனையிலிருந்த எதிரெடையின் ஒரு பகுதி ஃப்ளைவீலுக்குப் போய்விட்டது. பழைய ஃப்ளைவீலை இதில் பொருத்த முடியாது; ஏற்ற புதியதை வாங்கி, கிராங்கோடு சேர்த்தே சுழற்றிப் பார்த்தார்கள்.

படகு என்ஜினோடு வந்த வோர்டெக் இரும்பு ஹெட்டுகளையே வைத்துக்கொண்டோம். 1996 முதல் ஜெனரல் மோட்டார்ஸின் டிரக்குகளில் வந்த இந்த ஹெட்டுகளின் உள்ளிழுப்புத் துளைகள் பழையவற்றைக் காட்டிலும் மிக நன்றாகக் காற்றை விடுகின்றன. எரியறையும் விரைந்து எரிக்கும் வடிவம் கொண்டது. இவற்றின் குறை, வால்வு இருக்கைகளுக்கு இடையே விரிசல் விடுவது. அழுத்தச் சோதனையில் ஒரு ஹெட் விரிசலோடு வெளிப்பட்டது. படம் எடுத்து அனுப்பி, என் ஒப்புதல் பெற்ற பிறகே மாற்று ஹெட் வாங்கினார்கள். இன்னொரு நன்மை பெட்ரோல் சார்ந்தது. 2006 தொடக்கத்திலிருந்து இந்நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை. பழைய ஹெட்டுகள் பலவற்றில் கடினப்படுத்தப்படாத எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகள் ஈயமின்றித் தேய்ந்து உள்ளே இறங்கும். வோர்டெக் ஹெட்டுக்கு அந்தக் கவலை கிடையாது.

அழுத்த விகிதத்தை, அதாவது சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதை, 9.6இல் நிறுத்தினார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் கட்டிய என்ஜின்களோடு இதை ஒப்பிடும் நண்பர்களுக்குச் சொல்கிறேன்: அங்கே 1,700 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் உயர்ந்த விகிதத்துக்கும் 93 ஆக்டேன் பெட்ரோலே போதுமானதாக இருக்கிறது, என்ஜினும் தன் திறனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை இழக்கிறது. கடல்மட்டத்தில், டர்பனின் பிப்ரவரி வெக்கையில், சிலிண்டர் முழுவதும் அடர்ந்த காற்று நிரம்பும்போது அங்கே தாங்கும் அந்த உயர்ந்த விகிதம் 95 ஆக்டேனிலும் நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) கொடுக்கக்கூடும். பிஸ்டனின் தட்டையான பகுதிக்கும் ஹெட்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளி மட்டும் விட்டு, கலவை நன்கு கலக்கும்படி அமைத்ததும் நாக்கிங்கைத் தடுப்பதற்கே.

வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு கேம்; அதன் அசைவை வால்வுக்குக் கடத்துபவை லிஃப்டர்கள். பிளாக்கில் உருளை பொருத்திய ரோலர் லிஃப்டர்களுக்கு ஆலையிலேயே இடம் விட்டிருந்ததால் ஹைட்ராலிக் ரோலர் கேம் எடுத்தோம். பழைய தட்டை லிஃப்டர் கேமுக்குத் துத்தநாகச் சேர்மம் மிகுந்த எண்ணெய் தேவை. வினையூக்கிப் புகைவடிகட்டியைக் காப்பதற்காக இன்றைய எண்ணெய்களில் அது குறைக்கப்பட்டுவிட்டது. அன்றாடம் ஓடும் வண்டிக்கு ரோலர் கேம் ஆடம்பரமல்ல, அவசியம் என்றே நான் கருதுகிறேன். 600 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 600 கன அடி காற்று) ஹாலி கார்புரேட்டர் சிறியது என்று சிலர் சொன்னார்கள். 355 கன அங்குலத்தை 6,000 சுற்றால் பெருக்கி 3,456ஆல் வகுத்தால் வருவது 616 சிஎஃப்எம். நிரம்பும் திறன் 85 விழுக்காடு என்று கொண்டால் தேவை 524தான். இன்டேக் மேனிஃபோல்டு வோர்டெக்குக்கு உரியதாக இருக்க வேண்டும், ஏனெனில் பழையதன் போல்ட் அமைப்பு பொருந்தாது. டிஸ்ட்ரிபியூட்டரின் பல்சக்கரம்கூட ரோலர் கேமின் எஃகுக்கு ஏற்றதா என்று மகன் சரிபார்த்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஸ்பார்க்கின் மொத்த முன்னகர்வை (பிஸ்டன் உச்சியை அடையும் முன் பொறி விழும் அளவு) 32 பாகையில் வைத்தார்கள். பழைய ஹெட்டுகளுக்குப் பழகிய கை 36 வைத்திருக்கும்.

குறைகளும் உண்டு. எங்கள் வண்டியில் ஸ்டீயரிங் பெட்டி வலப்பக்கம் இருக்கிறது. அமெரிக்க இடப்பக்க ஸ்டீயரிங் கார்களுக்காகச் செய்த ஹெடர் குழாய்கள் (ஹெட்டிலிருந்து புகையை வெளியேற்றுபவை) அதில் முட்டின. இதை முதல் நாளே அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். என்ஜினை வண்டிக்குள் இறக்கிய பிறகுதான் தெரிந்தது. ஹெடர்களை உள்ளூரில் புதிதாக வளைத்துச் செய்ய நேர்ந்தது, எழுதித் தந்த மதிப்பீட்டை மீறிய செலவு அது ஒன்றுதான். மின்வெட்டு அட்டவணையால் குடையும் எந்திரம் பல நாள் சும்மா நின்றதும் தாமதத்தைக் கூட்டியது. அவர்களுடைய ஜெனரேட்டர் விளக்குகளுக்கும் கைக்கருவிகளுக்கும் மட்டுமே தாங்கும். ஒயரிங் வேலையை இவர்கள் தொடுவதில்லை. திறன் அளக்கும் டைனோவும் இங்கே கிடையாது, வேறிடத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

சாலையில் கிடைக்கும் பலனைச் சொல்கிறேன். பைன்டவுனிலிருந்து கிளூஃப் நோக்கி ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் முன்பு மூன்றாவது கியருக்கு இறங்கியே ஆக வேண்டியிருந்தது. இப்போது நான்கு பேர் உட்கார்ந்திருந்தாலும் நான்காவது கியரிலேயே வேகம் கூடிக்கொண்டு ஏறுகிறது. ஹிகின்சன் நெடுஞ்சாலையின் மாலை நெரிசலில் ஏசி இல்லாமல் வியர்த்துக் கொண்டிருப்பது நான்தான். வெப்பமுள் 82 பாகைத் தெர்மோஸ்டாட்டின் அருகிலேயே நிற்கிறது. விசிறியைச் சுற்றிக் கூண்டு பொருத்தியே தீர வேண்டும் என்று பெரியவர் பிடிவாதமாக நின்றதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். கேம் மிதமானது என்பதால் காலைக் குளிரிலும் தடுமாறாமல் நின்று ஓடுகிறது. அண்டை வீட்டார் எவரும் முறையிட்டதில்லை. பெட்ரோல் செலவு குறையும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். இது எட்டு சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. கூடுதல் திறன் காலடியில் இருக்கும்போது கால் சற்று அழுந்தத்தான் செய்யும்.

இங்கே போக நினைப்பவர்கள் ஃப்ளைவீல், கிளட்ச், கிராங்கின் அதிர்வைத் தணிக்கும் முன்புற டாம்ப்பர் மூன்றையும் முதல் சந்திப்பிலேயே கொண்டுசெல்லுங்கள். வலப்பக்க ஸ்டீயரிங் கார் என்றால் ஹெடர், எண்ணெய்த்தொட்டி, என்ஜின் தாங்கிகள் ஆகியவை வண்டியில் பொருந்தும் விதத்தை என்ஜினைக் கட்டும் முன்பே காலி பிளாக்கை இறக்கிப் பார்க்கும்படி கேட்டு, அதை மதிப்பீட்டில் எழுதி வாங்குங்கள். அளவுகள் எல்லாம் குறித்த தாளைக் கேட்காமலேயே தருவார்கள். ஆயிரம் கிலோமீட்டர் முடிந்ததும் வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வார்கள்: எண்ணெய் வடிகட்டியை வெட்டி, தாளில் உலோகத் துகள் இருக்கிறதா என்று உங்கள் முன்னாலேயே விரித்துப் பார்ப்பார்கள், ஹெடர் போல்ட்டுகளை மீண்டும் முறுக்குவார்கள். இதற்குத் தனியாகப் பணம் வாங்குவதில்லை.