2020-ஆ, 2022-ஆ: எந்த ஆண்டு தேவலை?

பினாங்கில் பசியாற உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது: "கோவிட் வருஷத்துலகூட சாமான் இப்படி விலை விக்கலண்ணே."

உண்மைதான். 2020-இல் மலேசியாவில் விலைவாசி ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் இறங்கவே செய்தது. பெட்ரோல் மலிந்ததும் மின்கட்டணத் தள்ளுபடியும் அதற்கு முக்கியக் காரணங்கள். மளிகைச் செலவு ஒன்றும் குறைந்துவிடவில்லை. பொருளாதாரம் 5 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது, வேலையின்மை 4.5 விழுக்காடு. எல்லையை மூடியதும் ஜார்ஜ்டவுன் ஹோட்டல்களும் சுற்றுலா வேன்களும் முடங்கின. சம்பளமே வராதவனுக்கு விலை இறங்கி என்ன, ஏறி என்ன?

2022 நேர் எதிர். ஏப்ரலில் எல்லை திறந்தது, மே மாதம் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,500 வெள்ளியானது (ரிங்கிட்டைத்தான் இங்கே வெள்ளி என்போம்). வளர்ச்சி 8 விழுக்காட்டைத் தாண்ட, வேலையின்மை 4-க்குக் கீழே வந்தது. கூடவே விலைவாசி 3.3 விழுக்காடு ஏறியது. சாப்பாட்டுச் சாமான் மட்டும் 5.8.

இந்தப் பழியை முழுக்க வளர்ச்சியின் தலையில் கட்ட முடியாது. உக்ரைன் போரால் கோதுமையும் கோழித் தீவனமும் எகிறின, ரிங்கிட் வேறு சரிந்தது. ஜூனில் கோழி ஏற்றுமதியையே அரசாங்கம் நிறுத்தியது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா வட்டியை 1.75 விழுக்காட்டிலிருந்து படிப்படியாக 2.75 ஆக்கியது. விலையை அடக்க வட்டியை ஏற்றினால் கோழி முட்டை போடுமா என்ன! வீட்டுக் கடன் தவணைதான் கூடியது.

என் ஓட்டு 2022-க்கே, அதுவும் வேலை தேடும் வயதில் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு. சேமிப்பில் காலம் தள்ளும் ஓய்வுபெற்றவர்கள் அந்த 5.8-ஐக் காட்டிச் சண்டைக்கு வந்தால், மறுக்க மாட்டேன்.