தீவா, காடா: உகப்பாக்க ஆய்வாளர் எங்கே போகலாம்?

பயணப் பணம் ஒரு முறைக்குத்தான் கிடைக்கும், எந்தக் கூட்டத்துக்குப் போவது என்று உகப்பாக்கக் கணிதத்தில், அதாவது இருக்கும் வழிகளில் மிகச் சிறந்ததைத் தேடும் கணிதத்தில், ஆய்வு செய்யும் மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கையில் இருப்பது முடிந்த தேற்றமா, பாதியில் நிற்கும் கேள்வியா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

முடிந்த தேற்றம் என்றால், மூன்றாண்டுக்கு ஒரு முறை கூடும் கணித நிரலாக்கப் பன்னாட்டு மாநாடு போதும் (உகப்பாக்கத்துக்கு இன்னொரு பெயர் கணித நிரலாக்கம்). 2018இல் போர்தோவில் நடந்தது, 2024இல் மான்ட்ரியலில். உரை நிகழ்த்தலாம், துறையின் பெரியவர்களைப் பார்க்கலாம்.

பாதியில் நிற்கும் கேள்வி என்றால்தான் உண்மையான போட்டி. ஒரு பக்கம் ஜெர்மனியின் கருங்காட்டில் 1944இல் தொடங்கிய ஓபர்வொல்ஃபாக் ஆய்வு நிலையம். மறுபக்கம் பார்படோஸ் தீவின் ஹோல்டவுன் ஊரில், மெக்கில் பல்கலைக்கழகம் 1954 முதல் நடத்தும் பெல்லேர்ஸ் நிலையம்.

ஓபர்வொல்ஃபாக்கின் பெருமை அதன் நூலகம். நள்ளிரவில் ஐயம் வந்தாலும் இறங்கிப் போய்ப் புத்தகத்தை எடுத்துவிடலாம். சாப்பாட்டு மேசையில் யார் பக்கத்தில் யார் என்பதைப் பெயர் எழுதிய கைத்துடைப்புத் துணியுறைகளை மாற்றி மாற்றி வைத்து நிலையத்தின் பணியாளர்களே முடிவு செய்கிறார்கள். கூச்ச சுபாவம் உள்ளவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. புதன் பிற்பகல் எல்லோரும் மலைநடை. ஆனாலும் வாரத்தின் முதுகெலும்பு உரைகள்தான்.

பெல்லேர்ஸில் உரைகள் மிகக் குறைவு. முதல் நாள் ஆளுக்கொரு கேள்வியைப் பலகையில் வைப்பார்கள். பிறகு வாரம் முழுக்க அந்தக் கேள்விகள்தான். காலையும் இரவும் வேலை, பிற்பகல் கடல். தங்குமிடம் எளியது.

நான் அங்கே கொண்டுபோனது பயண விற்பனையாளர் கணக்கின் ஒரு மூலை: எல்லா ஊர்களுக்கும் போய்த் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் மிகக் குறைந்த செலவுச் சுற்று எது என்பதே அந்தக் கணக்கு. இரண்டு முக்கோணங்களை மூன்று நீண்ட பாதைகளால் இணைத்துப் படம் போட்டேன். ஒரு சாலையைப் பாதியளவு மட்டும் எடுத்துக்கொள்ளவும் விடும் தளர்த்திய கணக்கில், ஒரு பாதையின் நீளத்தை ஒரு பங்கு என்று வைத்தால், பாதைகளுக்கு ஆகும் செலவு மூன்று பங்கு. உண்மையான சுற்றோ ஒரு பாதையில் போய்த் திரும்பியாக வேண்டும், ஆக நான்கு பங்கு. இந்த இரண்டு செலவுகளின் விகிதம் 4/3ஐத் தாண்டும் படம் உண்டா என்பது இன்னும் திறந்த கேள்வி. அதை நோக்கி ஒரு துணைத்தேற்றம் வைத்திருந்தேன், எட்டு மாத உழைப்பு. வெளியே சீழ்க்கைத் தவளைகள் இடைவிடாமல் கத்திக்கொண்டிருந்த இரவில், ஒரு மாணவி சுண்ணக்கட்டியை வாங்கி ஒன்பது புள்ளிகள் வைத்தார். என் துணைத்தேற்றம் பொய்த்துப்போனது. மறுநாள் காலையே நான்கு பேர் சேர்ந்து சரியான வடிவத்தைத் தேட ஆரம்பித்தோம். முடிந்த உரைகளைக் கேட்கும் அரங்கில் இது நடந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

அதனால் இளையவர்களுக்கு என் வாக்கு தீவுக்கே. குறைகளும் உண்டு. பெரிய நூலகம் இல்லை; தேவையான கட்டுரைகளை முன்பே இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவிலிருந்து பெரும்பாலும் லண்டன் வழியாகவோ வட அமெரிக்கா வழியாகவோ போக வேண்டியிருக்கும். இடைவழி விசாவை மறந்துவிடாதீர்கள். ஓபர்வொல்ஃபாக்கில் தங்கும் செலவையும் உணவையும் நிலையமே ஏற்கிறது, இது சின்ன விஷயமல்ல. கடற்கரையில் சிவப்புப் பட்டை தீட்டிய மரங்களைக் கண்டால் விலகி நில்லுங்கள். மான்சினீல் என்னும் அந்த மரத்தடியில் மழைக்கு ஒதுங்கினால், இலையிலிருந்து சொட்டும் நீரே தோலைக் கொப்புளமாக்கிவிடும்.

இரண்டு இடத்துக்கும் அழைப்பு வேண்டும். அமைப்பாளருக்கு எழுதும்போது வெளியீட்டுப் பட்டியலோடு, உங்கள் கேள்வியை ஒரே பக்கத்தில், ஒரு படத்தோடு எழுதி இணைத்துவிடுங்கள்.