கோட்டைச் சுவரு பாக்க மலாக்காவா, இலங்கைக் காலியா?

லாங் வீக்கெண்ட் வந்தாலே வீட்டுல இதே பஞ்சாயத்துதான். மலேசியாவுல இருக்குற மலாக்கான்னா சிங்கப்பூர்லேர்ந்து பஸ் ஏறி, உட்லண்ட்ஸ் பார்டர் ஜாம்ல மாட்டலன்னா நாலு மணி நேரத்துல போயிடலாம், ஆனா போய் பாத்தா சுவரே இல்லப்பா, 1511ல ஊரப் புடிச்ச போர்த்துகீஸ்காரன் கட்டின ஆ ஃபமோசா கோட்டைல முக்கியமா மிச்சம் ஒரு வாசல்தான், மத்தத 1807ல பிரிட்டிஷ்காரன் வெடி வச்சு தகர்த்துட்டான். அந்த வேலைய முன்னாடி நின்னு செஞ்சது யாருன்னு நெனைக்கிறீங்க, பின்னாடி நம்மூருக்கு முதல் ரெசிடென்ட்டா, அதாவது பிரிட்டிஷ் நிர்வாகியா, வந்த அதே ஃபார்குவார்!

இலங்கைல இருக்குற காலி அப்படியில்ல. டச்சுக்காரன் 1640ல புடிச்சு பெருசாக்கின கோட்டை, மூணு பக்கமும் கடல், சாயங்காலம் சுவரு மேலயே நடந்து லைட்ஹவுஸ் வரைக்கும் போலாம், 2004 சுனாமில வெளிய பஸ் ஸ்டாண்டு பக்கமெல்லாம் அடிச்சிட்டு போனப்பகூட உள்ள ஊரு பெருசா அடி வாங்கல. இன்னும் ஆளுங்க குடியிருக்காங்க உள்ள. கொழும்புக்கு ஃப்ளைட், அங்கேர்ந்து கடலோர ட்ரெயின், அதனால லீவ் போட்டாதான் ஆகும். சுவரு மேல நிழல் கெடையாது, குடை எடுத்துக்குங்க.

என் ஓட்டு காலிக்குத்தான். மாமியாரும் வர்றாங்கன்னா மட்டும் மலாக்கா, ஜோங்கர் ஸ்ட்ரீட்ல செண்டோல் குடிச்சிட்டு திரும்பிடலாம்.