ஃப்ரீயா வந்த செயின் பிளேடும் அம்மாவோட தூக்குவாளியும்

பேட்டரியில ஓடுற புல்வெட்டி மிஷின் வாங்கலாம்னு நினைச்சிட்டிருக்கிற நம்ம பக்கத்து ஆட்கள், இதைப் படிச்சிட்டு அப்புறம் கடைக்குப் போங்க. நான் ஏமாந்தது 4,800 ரூபா. அது போகட்டும். போன கார்த்திகையில என் தம்பி மகன் மூஞ்சியில பட்டிருக்க வேண்டிய ஒரு இரும்புக் கண்ணி, ரெண்டு எட்டு தள்ளித் தொங்கின அம்மாவோட தூக்குவாளியில போய்ப் பட்டுச்சு. அதுக்காகத்தான் எழுதுறேன்.

சேரன்மகாதேவி பக்கம் எங்களுக்கு அஞ்சு மரக்கா வெதப்பாடு இருக்கு, நாப்பது சென்ட். கன்னடியன் கால்வாய்ப் பாசனம். பாதி வாழை, வரப்போரம் ஏழெட்டுத் தென்னை. ஐப்பசி மழை விட்டதும் கோரையும் அருகும் இடுப்பு உசரத்துக்கு நின்னுச்சு. முன்னெல்லாம் பண்ணரிவாளோட ரெண்டு பேர் வந்தா பொழுது சாயறதுக்குள்ள தரை தெரியும். இப்போ ஆள் கேட்டா, "பிசான நடவு முடியட்டும், பாப்போம்"ங்கிறாங்க. நானோ பாளையங்கோட்டையில வேலை, ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வயலுக்குப் போக முடியும். பெட்ரோல் மிஷின் நமக்கு ஒத்துவராது. கனம் வேற, கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணணும், ஆயில் கலந்து ஊத்தணும். ஏற்கனவே இடுப்பு சரியில்ல. அதான் பேட்டரி.

ஜங்ஷன் பக்கம் ஒரு டூல்ஸ் கடை. பேர் போடல. போட்டா சண்டைதான் நடக்கும், விஷயம் அமுங்கிரும். வாட்ஸ்அப்ல யாரோ அனுப்பின வீடியோவைப் பார்த்துட்டுப் போனேன். கடைத் தம்பி வாய் நிறைய அண்ணாச்சி. பெட்டி மேல 48 வோல்ட், 12,000 எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு கரண்டு பிடிச்சு வைக்கும்ங்கிற அளவு), 10,000 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து)னு கொட்டை எழுத்து. உள்ள ரெண்டு பேட்டரி, ஒரு சார்ஜர், பிளாஸ்டிக் பிளேடு ஒரு பாக்கெட், இரும்பு பிளேடு ரெண்டு.

"48 வோல்ட்டுன்னா உடங்காட்டையே அழிச்சிரலாம் அண்ணாச்சி. ஒரு சார்ஜுக்கு ரெண்டு மணி நேரம் நிக்காம ஓடும்லா."

கடையிலயே மாட்டிக் காட்டச் சொன்னேன். மாட்டினான். பிளேடுக்கு மேல வர்ற தடுப்பு, அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் கார்டு, அது மட்டும் உக்காரவே இல்ல. குழாயில ஒரு ஓட்டை, கார்டுல வேற இடத்துல ஓட்டை. "இது எதுக்கு அண்ணாச்சி, புல்லு சிக்கிச் சிக்கி நிக்கும். எல்லாரும் கழட்டிப் போட்டுட்டுத்தான் ஓட்டுதாவ"ன்னு பெட்டிக்குள்ள திருப்பிப் போட்டுட்டான். அந்த நிமிஷமே பெட்டியை மூடி அவன் கையில கொடுத்துட்டு நான் வெளியே வந்திருக்கணும்.

வரல. ஏன்னா அடுத்து மேசைக்கு அடியில இருந்து ஒண்ணை எடுத்தான். உள்ளங்கை அகலத்துல ஒரு இரும்புத் தட்டு, ரெண்டு பக்கமும் நாலு நாலு கண்ணியா செயின் தொங்குது. "செயின் பிளேடு. தனியா வாங்கினா 450. உங்களுக்கு ஃப்ரீ. கல்லு, கட்டை எது வந்தாலும் பாத்துக்கிடும்." ஃப்ரீன்னதும் நமக்கு வாயெல்லாம் பல். பில்லு கேட்டேன். "பில்லுன்னா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி ஏறும், பரவாயில்லையா?" எண்ணூத்திச் சொச்சம் மிச்சமாகுதேன்னு நானும் தலையை ஆட்டிட்டேன். மேல எஸ்டிமேட்னு போட்ட ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தான். பணம் ஜிபேயில போட்டேன். நான் செஞ்ச ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

முதல் ஞாயிறு. பிளாஸ்டிக் பிளேடு போட்டு, தென்னை மூட்டுல ஆரம்பிச்சேன். ஏழு நிமிஷம். மிஷின் முனகிட்டு நின்னுபோச்சு. அடுத்த பேட்டரி ஆறு நிமிஷம். போன் பண்ணினா, "புது பேட்டரில்லா, நாலஞ்சு தடவை ஃபுல்லா ஏத்தி ஃபுல்லா இறக்குங்க, செட்டாயிரும்"ங்கிறான். லித்தியம் பேட்டரிக்கு அப்படி ஒரு பழக்கமே கிடையாது. அடிமட்டம் வரைக்கும் வடியவிட்டா அதோட ஆயுசுதான் குறையும். அப்போ எனக்குத் தெரியல, செஞ்சேன்.

ரெண்டாவது ஞாயிறு அந்த செயினை மாட்டினேன். கார்டு இல்லை. கண்ணுல சாதாரண கூலிங் கிளாஸ். கால்ல ரப்பர் செருப்பு, வேட்டியை மடிச்சுக் கட்டியிருந்தேன். தம்பி மகன் மோட்டார் ரூம் வாசல்ல நின்னு செல்போன்ல வீடியோ எடுத்துக்கிட்டிருந்தான், ஒரு இருபதடி இருக்கும். வேலியோரம் கோரைக்குள்ள, பழைய கல்தூண் ஒண்ணு ஒடிஞ்சு முறி மட்டும் தரைக்கு மேல நாலு விரக்கடை நீட்டிட்டு நின்னுருக்கு. அது எனக்குத் தெரியல. டணார்னு ஒரு சத்தம். கை ரெண்டும் விறைச்சுப்போச்சு. அதே நேரத்துல அங்க இன்னொரு சத்தம், கோயில்ல சேகண்டி அடிச்ச மாதிரி.

பையன் போனைக் கீழ போட்டுட்டு நிக்கான். அவனுக்குப் பக்கத்துல கதவு ஆணியில மாட்டியிருந்த தூக்குவாளி ஆடிக்கிட்டிருக்கு. அதோட வயித்துல கட்டைவிரல் நுழையற மாதிரி ஒரு கிழிசல். அது வழியா பழைய சோத்து நீத்தண்ணி சுவத்துல வழியுது. எவர்சில்வர் உள்பக்கமா மடங்கிப் போயிருந்துச்சு. உள்ள கையை விட்டுத் துழாவினேன், சோத்துக்குள்ள கிடந்துச்சு அந்தக் கண்ணி. வெல்டு வச்ச இடத்துலயே வாயைப் பிளந்திருந்துச்சு. கையில எடுத்தா ஒரு புளியங்கொட்டை கனம்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். செயின் சுத்துற வட்டம் குறுக்களவு இருபது சென்டிமீட்டர். பெட்டியில போட்ட 10,000 சுத்தை நம்பாம பாதியா 5,000னு வச்சாலே, நுனியோட வேகம் நொடிக்கு 52 மீட்டர். மணிக்கு 188 கிலோமீட்டர். நெல்லை எக்ஸ்பிரஸ் கூட அந்த வேகத்துல போகாது. பிரிட்டன்ல இதே மாதிரி செயின் கண்ணி தெறிச்சு ஒரு உயிர் போயிருக்கு. அதுக்கப்புறம் 2012 ஜனவரியில, கண்ணி கண்ணியா கோத்த உலோகத் தலைகளை பிரஷ் கட்டருக்கு, அதாவது இந்த மாதிரி கையில பிடிச்சு ஓட்டுற புல்வெட்டி மிஷினுக்கு, விக்கவே கூடாதுன்னு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டுருக்கு. அங்க கடையில விக்கவிடாத சாமானைத்தான் நம்மூர்ல கைக்கு மேல ஃப்ரீயா வச்சு அமுக்குறாங்க.

வயித்தெரிச்சல்ல பேட்டரியையும் பிரிச்சுப் பார்த்தோம். எலக்ட்ரீஷியன் கூட்டாளி ஒருத்தர் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரோட வந்தார். மூடியைத் திறந்தா பத்து செல்லுக்கு இடம் இருக்கு, அஞ்சு செல்தான் இருக்கு. மீதி அஞ்சு குழியும் காலி. கனம் தெரியணும்னு ஒரு சிமென்ட் கட்டியாவது வச்சிருக்கலாம், அந்த மரியாதை கூட இல்ல. லித்தியம் செல் ஒண்ணுக்கு 3.6 வோல்ட், முழுசா ஏறினா 4.2. அஞ்சை வரிசையா கோத்தா 18, முழு சார்ஜுல 21. மல்டிமீட்டர் 20.4 காட்டிச்சு. 48ங்கிறது ஸ்டிக்கர்ல மட்டும்தான். அந்த 12,000 எம்ஏஎச் இன்னொரு கூத்து. வரிசையா கோத்தா வோல்ட்டுதான் கூடும், எம்ஏஎச் கூடாது. இந்த 18650 சைஸ் செல்லுல, 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், நல்ல கம்பெனி சரக்கே 3,500ஐ ஒட்டித்தான் நிக்கும். இதுல இருந்த செல்லுல பேரே இல்ல, வெறும் நீலத் தாள்.

நியாயமான மிஷினே ரெண்டு மணி நேரம் ஓடாதுங்கிறதையும் சொல்லிடுறேன். 18 வோல்ட்டை 4 ஆம்பியர்-மணியால, அதாவது 4,000 எம்ஏஎச்சால, பெருக்கினா 72 வாட்-மணி. 300 வாட் மோட்டார் முழு இழுவையில இழுத்தா கால் மணி நேரத்துல காலி. மெல்லிசுப் புல்லுன்னா கொஞ்சம் கூட வரும். வாங்கப் போறவங்க கடையிலயே இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்க, வாய்ப்பேச்சு அடங்கிரும்.

திங்கக்கிழமை சாயங்காலம் கடைக்கே போனேன், தூக்குவாளியையும் எடுத்துக்கிட்டு.

"கல்லுல அடிச்சா எந்த பிளேடுதான் உடையாது அண்ணாச்சி?"

"கல்லு வந்தா பாத்துக்கிடும்னு நீதானய்யா சொன்ன?"

"பில்லு இருக்கா?"

அவனே எழுதின துண்டுச்சீட்டை நீட்டினேன். கீழ பொடி எழுத்துல, பேட்டரி, சார்ஜர், பிளேடு எதுக்கும் வாரண்டி கிடையாதுன்னு அச்சடிச்சிருந்ததைக் காட்டினான். அப்போ வாரண்டி அந்தக் குழாய்க்கு மட்டும்தான் போல.

இந்த இடத்துல நிறைய பேர் முணுமுணுத்துட்டு வீட்டுக்கு வந்திருவோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, பொருளை வித்துட்டு பில்லு கொடுக்காம இருக்கிறதே முறையற்ற வணிகம்னு தெளிவா எழுதியிருக்கு. பழுதான பொருளைத் திருப்பி வாங்க மறுக்கிறதும் அதே கணக்குதான். பில்லுல கெடு எதுவும் போடலைன்னா திருப்பிக் கொடுக்க 30 நாள். பில்லு இல்லாட்டி புகார் கொடுக்க முடியாதுங்கிறது கடைக்காரங்க கிளப்பிவிட்ட கதை. ஜிபே ரசீது, எஸ்டிமேட் சீட்டு, அவன் அனுப்பின வாட்ஸ்அப் எல்லாம் சாட்சிதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணிப் பதிஞ்சேன். அதுல சரியாகலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், அஞ்சு லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போகலாம். பதிவு எண்ணைக் கடைக்கு வாட்ஸ்அப்ல அனுப்பின மறுநாள் 3,000 ரூபா திரும்பி வந்துச்சு. மிச்சத்தைக் கேட்டா "யூஸ் பண்ணிட்டேளே"ங்கிறான். புகாரை நான் இன்னும் முடிக்கல.

பெட்டியை அப்புறம்தான் உத்துப் பார்த்தேன். இறக்குமதி பண்ணினவன் பேர், விலாசம், எம்ஆர்பி, புகார் நம்பர் ஒண்ணும் இல்ல. இதெல்லாம் கண்டிப்பா இருக்கணும். லித்தியம் செல்லுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம், R-னு ஆரம்பிச்சு எட்டு இலக்கம் வரும். பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த எண்ணைத் தட்டினா யாருக்குக் கொடுத்த பதிவுன்னு காட்டிரும். கடையில நின்னுக்கிட்டே பார்க்கலாம், ஒரு நிமிஷ சோலி.

தம்பி மகனுக்கு ஒண்ணும் ஆகல. எனக்கு முழங்காலுக்குக் கீழ கல் தெறிச்சு ஒரு வெட்டு, டிடி ஊசி ஒண்ணு. ஆனா தப்பு பூராவும் கடைக்காரன் தலையிலன்னு சொல்ல மாட்டேன். என் கூத்தும் இருக்கு. முதல் நாளே, சுத்தின வாழை நாரை எடுக்கப் பேட்டரியைக் கழட்டாமலே கையை விட்டேன். பட்டன்ல விரல் பட்டு அரைச் சுத்து சுத்திச்சு. பிளாஸ்டிக் பிளேடா இருந்ததால நகத்தோட போச்சு. இப்போ பக்கத்துல போறதுக்கு முன்னாடி முதல் வேலை பேட்டரியைக் கழட்டி இடுப்புல சொருகிக்கிறதுதான்.

அந்த 3,000த்தோட மேல போட்டு, பில்லு வாங்கி, கார்டு உக்காருதான்னு பார்த்து வேற மிஷின் எடுத்திருக்கேன். வெட்டுறதுக்கு முன்னாடி கம்பால தட்டிக்கிட்டே ஒரு நடை நடந்து வருவேன். கல்லு, கட்டுக்கம்பி, பாட்டில் ஓடு, சொட்டுநீர்க் குழாய் எல்லாம் கண்ணுல பட்டிரும். பாம்பு இருந்தாலும் ஒதுங்கிக்கும். தென்னை மூடு, சுவரோரம், கல்தூண் பக்கம் எல்லாத்துக்கும் தங்கூஸ் நரம்புதான், இரும்பு பக்கத்துலயே போகக் கூடாது. நரம்பா இருந்தாலும் சின்ன வாழைக்கன்னுல பட்டா பட்டையை உரிச்சிரும், அங்க கையால பிடுங்கிறேன். கண்ணுக்கு பாலிகார்பனேட் கண்ணாடி, காலுக்கு ஷூ, முழு பேண்ட். வேட்டியோட நிக்கிறதை என் வீட்டுக்காரியே இப்போ விடமாட்டா.

வீசுற முறையும் ஒண்ணு இருக்கு, அதை எந்தக் கடையிலயும் சொல்லித் தரல. மேல இருந்து பார்த்தா பெரும்பாலான பிரஷ் கட்டர் பிளேடு கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமா சுத்தும். அதனால வலது கைப்பக்கம் இருந்து இடது பக்கமா வீசணும், பிளேடோட இடது ஓரம் புல்லைத் தொடணும். முன்பக்கம் வலது மூலை கட்டையில பட்டுச்சுன்னா மிஷின் உதைச்சுத் திரும்பும், காலுக்கோ பக்கத்து ஆளுக்கோ வரும். பக்கத்து ஆள்னு யாரும் 15 மீட்டருக்குள்ள நிக்கவே கூடாது. நம்ம பையன் நின்னது ஆறு மீட்டர்.

பேட்டரி சூடா இருக்கும்போதே சார்ஜர்ல போடாதீங்க, ஆறட்டும். வெயில்ல மோட்டார் ரூம் கூரை மேல வைக்காதீங்க. ராத்திரி சார்ஜ் போட்டுட்டுத் தூங்காதீங்க. பேட்டரி உப்பியிருந்தா அதுக்கப்புறம் அதை உபயோகிக்காதீங்க.

செயின் தட்டு, கண்ணி, தூக்குவாளி மூணையும் ஆணையத்துல காட்ட வேண்டி வரும்னு ஒரு சாக்குல கட்டி பீரோ மேல வச்சிருக்கேன். அம்மாவுக்கு இன்னும் விவரம் சொல்லல. வாரம் ஒரு தடவை போன்ல கேக்காவ, "ஏல, என் தூக்குவாளியை எங்கல கொண்டு போட்ட?"