கருமுட்டையை வளர்த்துத் தருவதாகச் சொன்னவர்களிடம் 1,85,000 ரூபாயை இழந்தேன்

நேற்று முன்தினம் என் இரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம் பக்கத்தில் என்னைப் போல் குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

எனக்கு வயது 34. திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு ஏப்ரலில், கருமுட்டை இருப்பைக் கணிக்க எடுக்கும் ஏ.எம்.ஹெச். என்ற இரத்தப் பரிசோதனையில் அளவு 0.7 என்று வந்தது. ஸ்கேனில் இரண்டு சினைப்பைகளிலும் சேர்த்து ஐந்து சிறு முட்டைப்பைகளே தெரிந்தன. கருமுட்டை இருப்பு குறைவு என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். அதை மாமியாரிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியாமல், அறிக்கையைச் சேலைகளுக்கு அடியில் மடித்து வைத்திருந்தேன்.

மே மாதத்தில் எங்கள் ஊர்த் திருமண மண்டபம் ஒன்றில், வெளியூரிலிருந்து வந்த ஒரு தனியார் கருத்தரிப்பு மையம் இலவச முகாம் நடத்தியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுக்குப் போகும் ஆண்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள், கணவன் மனைவி சேர்ந்து வருவார்கள் என்பதைக் கணக்கிட்டே அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

அங்கே ஆலோசகர் என்று ஒரு பெண்மணி இருந்தார், ஐம்பது வயதிருக்கும். என் அறிக்கையைப் பார்த்ததும் அவர் உடனே எதுவும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதே தங்கச்சி. நானும் தொண்டிக்காரிதான். பத்து வருஷம் இதே பேச்சைக் கேட்டவள்தான்" என்றார். ஆறு ஆண்டுகளில் யாரும் அப்படி என் கையைப் பிடித்ததில்லை. அந்த ஒரு நொடியில்தான் நான் விழுந்தேன். அதன்பின் அவர் சொன்னதையெல்லாம் கூடப்பிறந்த அக்காள் சொல்வதாக எண்ணிக் கேட்டேன்: இரண்டே ஆண்டில் மாதவிடாய் நின்றுவிடும், என் இரத்தத்தையே எடுத்துப் பிரித்துச் சினைப்பைக்குள் மூன்று முறை ஊசியாகச் செலுத்தினால் புதிய முட்டைகள் வளரும், மூன்று மாதத்தில் 0.7 என்பது 2 ஆகிவிடும் என்றார்.

பதிவுக்கு 25,000, ஊசி ஒன்றுக்கு 50,000 வீதம் மூன்று ஊசிகளுக்கு 1,50,000, மாத்திரைகளுக்கு 10,000. ஆக 1,85,000 ரூபாய். தடைக்கால நிவாரணமாக அரசு தருவது 8,000 ரூபாய் என்பதை நினைத்துப் பார்த்தால் அது எங்களுக்கு எவ்வளவு பெரிய தொகை என்பது புரியும். என் அம்மா கடலில் மூழ்கிப் பாசி எடுத்துச் சேர்த்த பணத்தில் எனக்குச் செய்து போட்ட வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தோம்.

மூன்றாவது ஊசி செப்டம்பரில் முடிந்தது. டிசம்பரில் பார்த்தபோது ஏ.எம்.ஹெச். 0.6. தொலைபேசியில் கேட்டால் மருத்துவர் அறுவை அரங்கில் இருக்கிறார் என்றார்கள். மறுநாள் சென்னைக்குப் போய்விட்டார் என்றார்கள். நேரில் போனால் இரண்டு மணி நேரம் காத்திருந்தபின், "உங்க உடம்பு ஒத்துழைக்கலை மேடம்" என்றார் வரவேற்பில் இருந்த பெண். நான் கையெழுத்திட்ட ஆங்கிலத் தாளில், பலன் உறுதியில்லை என்று ஒரு வரி இருப்பதை அன்றுதான் காட்டினார்கள். 1,85,000 ரூபாயைப் பற்றிப் பேச வந்த என்னிடம், தானமாகப் பெறும் கருமுட்டைக்கு இன்னும் மூன்று லட்சம் ஆகும் என்று விலைப்பட்டியலை நீட்டினார்கள். தங்கச்சி என்று அழைத்த அந்தப் பெண்மணி என்னைக் கண்டும் காணாதவர்போல் உள்ளே போய்விட்டார்.

பிறகுதான் அரசு மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். இருபது நிமிடம் ஒதுக்கி விளக்கினார். பெண் குழந்தை பிறக்கும்போதே அவள் வாழ்நாளுக்கான முட்டைகள், பத்து முதல் இருபது லட்சம் வரை, சினைப்பையில் இருக்கின்றன. பூப்படையும்போது மூன்று நான்கு லட்சமாகிவிடுகின்றன. அதன்பின்னும் குறைந்துகொண்டேதான் போகும். அதைக் கூட்டிவிடும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்தோ ஊசியோ இன்றுவரை இல்லை. எனக்குப் போட்ட ஊசி இன்னும் ஆராய்ச்சி நிலையில் இருப்பது. ஏ.எம்.ஹெச். என்பது, சோதனைக்குழாய் முறைக்கு ஊசி போட்டுத் தூண்டினால் ஏறக்குறைய எத்தனை முட்டை கிடைக்கும் என்பதைக் காட்டும் கணக்கு மட்டுமே. முட்டையின் தரத்தைப் பெரும்பாலும் வயதுதான் தீர்மானிக்கிறது. குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத 30 முதல் 44 வயதுப் பெண்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஏ.எம்.ஹெச். குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயல்பாகக் கருத்தரித்திருக்கிறார்கள். எனக்கு ஆறு ஆண்டுகள் கடந்துவிட்டதால் அந்த ஆய்வை அப்படியே எனக்குப் பொருத்த முடியாது என்றும், காலம் தாழ்த்தாமல் முறையான சிகிச்சைக்கு வந்திருக்க வேண்டும் என்றும் அவர் சொன்னபோதுதான் என் வயிறு எரிந்தது. 1,85,000 ரூபாயை உழைத்தால் மீட்டுவிடலாம். 34 வயதில், இருப்பு குறைந்த ஒருத்தியிடமிருந்து எட்டு மாதங்களைத் திருடியவர்களை என்ன செய்வது?

அந்த மருத்துவர் மீண்டும் எடுக்கச் சொன்ன பரிசோதனையின் முடிவுதான் நேற்று முன்தினம் வந்தது. அதிலும் 0.6.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. முட்டையை வளர்க்கிறோம் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். முகாமில் பணம் கட்டாதீர்கள். கருத்தரிப்பு மையங்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த மையம் பதிவு பெற்றிருக்கிறதா என்று சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலத் தாளில் கையெழுத்துப் போடுமுன் படித்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டுமாம். நானும் போகத்தான் ரசீதுகளை எடுத்து அடுக்கினேன். மூன்றாவது ஊசிக்குக் கொடுத்த 50,000 ரூபாய்க்கு அவர்கள் ரசீதே தரவில்லை.