சூடான ஊறுகாய்: ஆங்கிலச் சொல்லை ஸ்பானியத்துக்குக் கொண்டுபோக நான் பார்த்த மூன்று வழிகள்

மாங்காய் ஊறுகாய் ஏற்றுமதி செய்கிற அண்ணாச்சி ஒருவர், லேபிள்களை ஸ்பானியத்துக்கு மாற்றித் தரச் சொல்லி ஒரு எக்செல் கோப்பு அனுப்பினார். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் காலி. ஒரு கட்டத்துக்கு ஒரு சொல். அதில் ஒன்று ‘ஹாட்’. மகன் தூங்குகிற நேரத்துக்குள் முடிக்க வேண்டிய அவசரத்தில் மொழிபெயர்ப்பு மெஷினில் போட்டேன், ‘காலியெந்தே’ என்று வந்தது, ஒட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். பத்து நாள் கழித்து போன் வந்தது. “ஏம் தாயி, நம்ம ஊறுகாயை அடுப்புல வச்சா அனுப்புதோம்?”

காலியெந்தே என்றால் கையைச் சுடுகிற சூடு. நாக்கைச் சுடுகிற காரத்துக்கு ‘பிகாந்தே’ என்று தனிச்சொல் இருக்கிறது. அச்சுக்குப் போகும் முன்பே அந்தப் பக்கத்து வியாபாரி பார்த்துச் சொல்லிவிட்டதால் தப்பித்தேன்.

அன்றைக்கு ராத்திரி எனக்கு உறைத்தது வேறு. அந்தக் கட்டத்தை ஒரே ஒரு தடவை தமிழில் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. சூடான ஊறுகாய் என்று நம்மூரில் யார் சொல்வார்கள்? சூடு, காரம், வெக்கை என்று நாம் மூன்றாகப் பிரித்து வைத்திருப்பதை ஸ்பானியர்களும் காலியெந்தே, பிகாந்தே, காலோர் என்று மூன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். நடுவில் நிற்கிற ஆங்கிலம்தான் ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கிறது.

சென்னையில் ஒரு அலுவலகத்தில் ஸ்பானிய வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுகிற வேலையில் நாலு வருஷம் இருந்தேன். கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு வீட்டிலிருந்தே ஆங்கிலத்திலிருந்து ஸ்பானியத்துக்கு மொழிபெயர்க்கிறேன். பல அர்த்தமுள்ள சாதாரணச் சொற்கள்தான் இந்த வேலையில் ஆளைக் கவிழ்ப்பவை. பெரிய கலைச்சொற்கள் ஒருநாளும் கவிழ்த்ததில்லை. அகராதி, மெஷின், தமிழை நடுவில் வைத்துப் போவது என்று மூன்று வழியையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் மூன்றாவதில் நிற்கிறேன்.

அகராதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆங்கில ஸ்பானிய அகராதியில் ‘கெட்’ என்ற சொல்லைத் திறந்தால் பத்தி பத்தியாகப் போகும். எந்த அர்த்தம் வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கு அது உதவும், தெரியாதவருக்கு அது ஒரு காடு. ஸ்பானிய அகாதமியின் அகராதி வேறு ரகம். 1713-ல் மாட்ரிட்டில் தொடங்கிய அமைப்பு, 2014-ல் 23-வது பதிப்பு வந்தது, இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் அது ஸ்பானியச் சொல்லுக்கு ஸ்பானியத்திலேயே பொருள் சொல்வது. எடுத்த முடிவு சரியா என்று உரசிப் பார்க்க அதைவிட நல்ல கல் கிடையாது. முடிவெடுக்க அது உதவாது.

மெஷின் முழு வாக்கியத்தைக் கொடுத்தால் நன்றாகவே செய்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். தனிச்சொல்லில்தான் சிக்கல். ‘ஆர்டர்’ என்று ஒரு பட்டனுக்கு மொழிபெயர்ப்பு கேட்டால் அது என்ன செய்யும், பாவம்? எல் ஓர்தென் என்றால் வரிசை, ஒழுங்கு. லா ஓர்தென் என்றால் உத்தரவு. முன்னால் நிற்கிற எல், லா மாறினாலே பொருள் மாறிவிடும். கடையில் கொடுக்கிற ஆர்டருக்கு நான் வேலை செய்கிற ஸ்பெயின் கடைகளில் பெதீதோ என்பார்கள். வரிசை, உத்தரவு, ஆர்டர் என்று தமிழில் மூன்றும் தனித்தனியாக நிற்பதைக் கவனியுங்கள். இங்கே ஆங்கிலச் சொல்லையே நாம் கடன் வாங்கியும் பெரும்பாலும் அதன் ஒரு அர்த்தத்தைத்தான் வாங்கியிருக்கிறோம்.

இனி என் கட்சி.

எளிதானதில் தொடங்குகிறேன். ‘டைம்’. மணி என்ன? மூணு தடவை சொன்னேன். எனக்கு நேரமில்லை. ஸ்பானியத்தில் வரிசையாக ஓரா, வெஸ், தியெம்போ. மணி, தடவை, நேரம் என்று எழுதிப் பக்கத்தில் அந்த மூன்றையும் எழுதினால் வேலை முடிந்தது. (நோட்டில் ஸ்பானியச் சொல்லை அதன் எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். இந்த வெஸ்ஸை அவர்கள் ‘பஸ்’ஸில் வருகிற ‘ப’ ஒலியோடு ‘பெஸ்’ என்றுதான் சொல்வார்கள். மீனுக்கும் ‘பெஸ்’தான், ஆனால் ‘பல்’லில் வருகிற ‘ப’ மாதிரி அழுத்தி. தமிழில் எழுதி வைத்தால் மூணு தடவைக்கும் மூணு மீனுக்கும் வித்தியாசம் போய்விடும்.)

‘கார்னர்’ எங்கள் ஊர்க்காரர்களுக்கென்றே வைத்த சொல். அறைக்குள் இருக்கிற மூலை ரின்கோன், தெருவில் திரும்புகிற இடம் எஸ்கீனா. பாடப்புத்தகத் தமிழில் இரண்டும் மூலைதான். நாங்கள் தெருவில் இருப்பதை முக்கு என்போம். “முக்குக் கடையில ரெண்டு முட்டை வாங்கிட்டு வா” என்று எங்கள் அத்தை சொன்னால் அது எஸ்கீனா, “துடைப்பத்தை மூலையில வை” என்றால் ரின்கோன். இதை நான் மனப்பாடம் செய்யவே இல்லை.

‘லீவ்’, ‘லெட்’, ‘ஸ்டாப்’ என்று ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக இருப்பது ஸ்பானியத்தில் பல இடங்களில் தெஹார் என்ற ஒன்றுதான். ஆங்கிலம் வழியாகப் போனால் இது புதிர். தமிழ் வழியாகப் போனால் அது நம்முடைய ‘விடு’. சாவியை வீட்டில் விட்டுட்டேன். பிள்ளையை விளையாட விடு. அவரு பீடி குடிக்கிறதை விட்டுட்டாரு. மூன்றுக்கும் தெஹார் (மூன்றாவதில் மட்டும் பின்னால் ஒரு ‘தெ’ சேரும்). என்னைச் சும்மா விடு என்பதற்கும் அதே வினைதான்.

இதைவிடப் பெரிய புதையல் ‘போனேர்’. ஆங்கிலக்காரர் பாட்டை ‘ப்ளே’ செய்வார், சட்டையை ‘வேர்’ செய்வார், கோழி முட்டையை ‘லே’ செய்யும், ஊசியை ‘கிவ்’ செய்வார்கள், பெட்ரோல் ‘ஃபில்’. நமக்கு எல்லாமே போடுதான். பாட்டுப் போடு, சட்டை போடு, கோழி முட்டை போட்டது, ஊசி போட்டார், பெட்ரோல் போடு, அபராதம் போட்டார்கள். ஸ்பானியத்தில் இத்தனைக்கும் போனேர் வரும் (சட்டைக்கு அது போனேர்சே ஆகும், தனக்குத்தானே போட்டுக்கொள்வதால்). போலீஸில் புகார் கொடுப்பதற்குக்கூட ஸ்பெயினில் இந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள், நாம் கேஸ் போடுகிற மாதிரி. டீ போடு என்பது மட்டும் ஒத்துவராது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தயாரிப்பது என்ற அர்த்தத்தில் ஒத்துவராதுதான். ஆனால் ஸ்பெயின் நாட்டுக் கடையில் “என்ன போடட்டும்?” என்றேதான் கேட்கிறார்கள், “ஒரு காபி போடுங்க” என்றேதான் பதில் வருகிறது, போனேரை வைத்தே. வண்ணார்பேட்டை டீக்கடையில் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

‘இஸ்’ என்ற குட்டிச்சொல்லுக்கு சேர், எஸ்தார் என்று இரண்டு வினை. ஸ்பானியம் படிக்கிற எல்லோரும் திணறுகிற இடம். எங்க வீட்டுக்காரர் வாத்தியார். இந்த வாக்கியத்தில் வினையே இல்லை. இப்படி வினையில்லாமல் நிற்பது பெரும்பாலும் சேர். அவரு ஸ்கூல்ல இருக்காரு. ‘இருக்கு’ வந்தால் பெரும்பாலும் எஸ்தார். பெரும்பாலும் என்று இரண்டு தடவை சொன்னதற்குக் காரணம் உண்டு. பொண்ணு அழகா இருக்கா என்று நாம் சொல்வது அங்கே சேர். கல்யாணம் எந்த மண்டபத்தில் என்பதும் சேர், இடத்தைச் சொன்னாலும் நிகழ்ச்சி என்பதால். பத்தில் ஏழு எட்டுக்குக் கைகொடுக்கும், மீதிக்குப் பாடம் படிக்கத்தான் வேண்டும்.

‘லைக்’ என்றால் பிடிக்கும், மாதிரி. மே குஸ்தா என்பது எழுத்துக்கு எழுத்து ‘எனக்குப் பிடிக்கும்’. ஆங்கிலத்தின் ‘ஐ’ அங்கே ‘எனக்கு’ ஆகிவிடுகிறது. நமக்கு விளக்கமே தேவையில்லை.

இத்தனையும் சுவாரசியம். ஆனால் நான் இந்த வழிக்கு வந்த காரணம் பராமரிப்பு.

சென்னையில் இருந்தபோது போனில் அட்டை ஆப் வைத்திருந்தேன். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் ஸ்பானியம், மறக்கப்போகிற நேரம் பார்த்துத் திரும்பக் கேட்கும். நல்ல ஏற்பாடு, தினமும் தீனி போடுகிறவரைக்கும். மகன் பிறந்தபோது ஒன்பது மாசம் வேலையைத் தொடவில்லை. திரும்ப வந்து திறந்தால் நிலுவை அட்டைகள் மலை மாதிரி. இருபது அட்டை தள்ளிவிட்டு மூடினேன். அகராதி வைத்துச் சேர்த்த நோட்டும் அதே கதி. என் கையெழுத்துதான், எனக்கே அந்நியமாக இருந்தது. மெஷினுக்குத் தனியாகச் சொற்பட்டியல் தயார் செய்து கொடுக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் மாறினால் பட்டியலும் மாறும், அதைப் புதுப்பிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான்.

தமிழோடு கோர்த்து வைத்தவை அப்படியே இருந்தன. போடு, விடு, முக்கு, மூலை, தடவை, நேரம். காரணம் எளிது: அந்த ஒன்பது மாசமும் நான் அவற்றைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்குச் சட்டை போடும்போதும், ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதை அம்மாவிடம் சொல்லும்போதும், “அதை விடுலே” என்று அதட்டும்போதும் அந்த முடிச்சுகளுக்குத் தானாகவே எண்ணெய் போய்க்கொண்டிருந்தது. ஆங்கிலச் சொல்லில் கட்டிய முடிச்சை ஆங்கிலம் பேசும் நேரத்தில்தான் இறுக்க முடியும். என் சமையல்கட்டில் யார் ஆங்கிலம் பேசுகிறார்கள்?

இந்த வழி நம்மைக் குழியில் தள்ளுகிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ‘கேள்’ ஒரு கண்ணிவெடி. வழி கேட்டால் ப்ரெகுந்தார், கடன் கேட்டால் பெதீர், பாட்டுக் கேட்டால் எஸ்குச்சார். ஆங்கிலம்கூடப் பாட்டையாவது பிரித்து வைத்திருக்கிறது. ‘ஓடு’ இன்னொன்று. வண்டி ஓடுது, கடை ஓடுது, கடிகாரம் ஓடுது என்பதில் தமிழும் ஆங்கிலமும் கூட்டுச் சேர்ந்துகொள்ளும், ஸ்பானியம் வராது. இயந்திரத்துக்கு அங்கே ஃபுன்சியோனார். மீனும் ஏமாற்றும். தண்ணீரில் நீந்தும்வரை பெஸ், வலையில் ஏறிச் சமையலுக்கு வந்துவிட்டால் பெஸ்காதோ. உவரிக் கடற்கரையில் எத்தனை வகை மீனுக்கு எத்தனை பெயர் இருந்தாலும் இந்தப் பிரிவினை நம்மிடம் இல்லை.

‘தெரியும்’ ஆரம்பத்தில் தோற்றது. விஷயம் தெரிவது சாபேர், ஆளைத் தெரிவது கோனோஸேர், நமக்கு இரண்டும் தெரியும்தான். பிறகு ஒருநாள் மாமனார் யாரையோ பற்றி “அவரு நமக்குப் பழக்கம்லா” என்றார். அன்றிலிருந்து ‘பழக்கம்’ என்று சொல்ல முடிந்தால் கோனோஸேர் என்று வைத்துக்கொண்டேன். ‘சேவ்’ என்பதும் அப்படித்தான் மீண்டது. சேமி என்ற மேடைச்சொல்லை விட்டுவிட்டு வீட்டுச்சொல்லைப் பிடித்தால், பத்திரமாக எடுத்து வைப்பது குவார்தார், துட்டை மிச்சம் பிடிப்பது ஆவொர்ரார், உயிரைக் காப்பாற்றுவது சால்வார். கம்ப்யூட்டர் கோப்புக்கு முதல் சொல். எழுத்துத் தமிழைவிடப் பேச்சுத் தமிழ்தான் இந்த வேலைக்கு ஆகிறது.

வாசலில் கூப்பிட்டால் நாம் “இந்தா வாரேன்” என்போம். ஸ்பானியர் “இதோ போகிறேன்” என்பார், யா வொய். பேசுகிறவர் நிற்கிற இடத்திலிருந்து கணக்கு. இதில் தமிழும் ஆங்கிலமும் ஒரு பக்கம். இது எனக்கு இன்னும் தப்பும்.

‘யூ’ என்பதில் நீ, நீங்க என்பது தூ, உஸ்தெத் என்று அழகாகப் பொருந்தும். ஆனால் எப்போது எதைப் பயன்படுத்துவது என்பதில் நெல்லை மரியாதையைக் கொண்டுபோனால் ஸ்பெயினில் விறைப்பாகத் தெரியும், அங்கே சட்டென்று தூவுக்கு இறங்கிவிடுகிறார்கள். நம் ‘நீரு’க்கு ஜோடி கிடையாது. லத்தீன் அமெரிக்க வழக்கு பற்றி என் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் வேலை முழுக்க ஸ்பெயின் நாட்டுக் கடைகளோடு. மேலே சொன்ன “காபி போடுங்க” மெக்ஸிகோவில் அப்படியே செல்லும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். சட்டம், மருத்துவம் சார்ந்த தாள்களை இந்த முறையில் செய்து பார்த்ததும் இல்லை.

கடலோரத்துக்காரர்கள் சிலர் அலமாரி, சாவி எல்லாம் போர்த்துக்கீசியர் கொடுத்தவை, அதனால் ஸ்பானியம் நமக்கு எளிது என்பார்கள். அலமாரிக்கு ஆர்மாரியோ, சாவிக்கு யாவே, சரிதான். ஜன்னலுக்கு வெந்தானா என்று வரும்போது கணக்கு உதைக்கும். எப்படியானாலும் ஒரே பொருளுள்ள சாமான் பெயர்கள் யாரையும் கவிழ்ப்பதில்லை.

எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி இப்போது என்னிடம் ஸ்பானியம் படிக்கிறாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம், எல்.கே.ஜி.யிலிருந்தே ஆங்கிலப் பள்ளி. அவளிடம் போடு, விடு கதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். “அக்கா, எனக்கு முதல்ல இங்கிலீஷ்தான் வருது, அப்புறம் தமிழுக்குப் போயி அங்கேருந்து போணுமா? ரெண்டு பஸ் மாறணும்லா” என்றாள். முழு வாக்கியமாக எழுதி மெஷினில் போடுகிறாள், வந்ததை அகாதமி அகராதியில் சரிபார்க்கிறாள், தனிச்சொல்லை மட்டும் போடுவதே இல்லை. வேகத்தில் என்னைவிட அவள் முன்னால்தான். போன வாரம் அவளுக்குப் பரீட்சை, இருபது நாள் தொடவில்லை. ‘கார்னர்’ என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்து, “முக்குக்கு என்னமோ சொன்னீங்களே, எஸ்...” என்றாள்.